நான்காம் எண்ணும் பதினோராம் எண்ணும்

குன்வோர் ப்ரெக்கேயின் முகத்தைவிட முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஹெல்லவோக் மகளிர் அணிக்கு நான் கோல்கீப்பர். எனக்கு நேர் முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரி அவள். நான்காம் எண் சட்டை. அந்த முதுகு லேசாக வலப்பக்கம் சாய்ந்தால் எதிரணிக்காரி இடப்பக்கமாக வரப்போகிறாள் என்று பொருள். இரண்டு தோளும் காதுவரை ஏறினால் என்மேல் கோபம் என்று பொருள். பெரும்பாலும் ஏறித்தான் இருக்கும்.

அவளுடைய சாதனைகளை நானே சொல்லிவிடுகிறேன். பதினைந்து பருவங்கள். முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவான ஆட்டங்கள். எதிரணி வலைக்குள் அவள் போட்ட கோல் ஒன்றுகூட இல்லை. எங்கள் வலைக்குள் மூன்று. மூன்றும் என்னைத் தாண்டிப் போனவைதான்.

"அதுல ரெண்டு நீ பிடிச்சிருக்கணும் ஒட்னி," என்பாள்.

"நீ எந்தப் பக்கம் விளையாடுறேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா பிடிச்சிருப்பேன்டி," என்பேன்.

பத்தொன்பது வயதில் அவள் அணிக்கு வந்தபோது எங்கள் கிளப்பில் பெண்களுக்குச் சம்பளம் கிடையாது. பூட்ஸ் தருவார்கள், பேருந்தில் இடம் தருவார்கள், ஆட்டம் முடிந்ததும் வாஃபிள் தருவார்கள். அதனால் குன்வோர் காலை முதல் மூன்று மணி வரை கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு நேராக மைதானத்துக்கு வருவாள். ஏழு வருடம் இப்படி. இரண்டு வேலையும் அவளுக்குள் ஒன்றாகக் கலந்துவிட்டன. "தூரம் விடு! தூரம் விடு!" என்று பக்கத்துத் தடுப்பாட்டக்காரியிடம் கத்துவாள். "கண்ணாடி பாருடி!" என்பாள். புதிதாக வந்த பெண்கள் முதல் வாரம் தங்கள் தோளைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள், கண்ணாடி எங்கே இருக்கிறதென்று.

எட்டாவது வருடம் கிளப் அவளை முழுநேரத் தொழில்முறை வீராங்கனையாக ஒப்பந்தம் செய்தது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "திங்கக்கிழமை காலைல எனக்கு ரெண்டு மாணவிங்க இருக்காங்க. அவங்களை நடுரோட்டுல விட்டுட்டு வர முடியாது," என்றாள். கிளப் தலைவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கடைசியில் ஒப்பந்தத்தில் திங்கட்கிழமைக்கு ஒரு வரி சேர்த்தார்கள். எங்கள் லீக்கில் அப்படி ஒரு வரியோடு விளையாடியவள் அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

இப்போது யோருனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மலைகளுக்கு நடுவே நுழைந்த கடலான ஃபியோர்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஸ்டூர்லியா அணியின் பதினோராம் எண் யோருன். ஒன்பது வருடம் அவர்களுடைய முன்களத்தில் நின்றவள். வருடத்துக்கு இரண்டு முறை, கோப்பை ஆட்டம் வந்தால் மூன்று முறை, அவளும் குன்வோரும் தொண்ணூறு நிமிடம் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். குன்வோர் வாயைத் திறக்க மாட்டாள். யோருன் மூட மாட்டாள். "போன தடவையைவிட எடை கூடிருச்சா?" என்பாள். "உங்க கோல்கீப்பர் என்ன, பஸ்ஸுக்கா காத்துக்கிட்டிருக்கா?" என்பாள். அது எனக்கு.

ஒருமுறை கார்னர் அடிக்கப் போகும் நேரம். யோருன் ரொம்ப அக்கறையாக, "குன்வோர், உன் லேஸ் அவுந்திருக்கு," என்றாள். குன்வோர் குனிந்து பார்த்தாள். பந்து வந்தது, யோருன் தலையால் தட்டினாள், கோல். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் பெரிய படம். யோருன் வானத்தில் பறக்கிறாள், நான் தரையில் கிடக்கிறேன், நடுவில் குன்வோர் தன் பூட்ஸை ஆராய்ந்துகொண்டிருக்கிறாள். லேஸ் ஒழுங்காகத்தான் கட்டியிருந்தது, அதுவும் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. நான் அதை வெட்டி உடைமாற்றும் அறைக் கதவில் ஒட்டினேன். அவள் கிழித்தாள். நான் எட்டுப் பிரதி வாங்கி வைத்திருந்தேன்.

இந்த யோருன்தான் ஒரு ஜனவரி மாதம் எங்கள் அணிக்கு வந்தாள். ஸ்டூர்லியாவில் தீரில் என்று பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி வந்துவிட்டாள். குதிரை மாதிரி ஓடுவாளாம். முப்பது வயது யோருனின் ஒப்பந்தத்தை அவர்கள் புதுப்பிக்கவில்லை.

எங்கள் கோச் ஸ்வெர்ரே நல்ல மனிதர். எதிரணி, நடுவர், குளிர் எதற்கும் அஞ்ச மாட்டார்; குன்வோருக்கு மட்டும் கொஞ்சம் பயம். செய்தியை மதியச் சாப்பாட்டு நேரத்தில், வாசலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார். எல்லோரும் குன்வோரைத்தான் பார்த்தோம். அவள் ரொட்டியின் மேல் பழுப்புச் சீஸைச் சீவி வைத்தாள். இன்னொரு சீவல் வைத்தாள். ஐந்தாவது சீவலில் நான் கத்தியை வாங்கிவிட்டேன்.

முதல் நாள் பயிற்சியில் நான்காவது நிமிடத்திலேயே யோருன் பனியில் மல்லாந்து கிடந்தாள்.

"ஒரே டீம்! ஒரே டீம்!" என்று ஸ்வெர்ரே ஓடி வந்தார்.

"பழக்கதோஷம்," என்றாள் குன்வோர்.

கீழே கிடந்தபடியே யோருன் சொன்னாள்: "கைய நீட்டித் தூக்கி விடலாம்ல? அந்தப் பழக்கம் வராதா?"

குன்வோர் கையை நீட்டினாள். ஆனால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

இன்னொரு சிக்கல் மறு வாரம் தெரிந்தது. கிளப் யோருனுக்குக் கொடுத்த வீடு ஊருக்கு வெளியே பதினான்கு கிலோமீட்டரில் இருந்தது. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்டூர்லியாவில் மூன்று முறை ஓட்டுநர் தேர்வுக்குப் போய் மூன்று முறையும் தோற்றவள். எங்கள் ஊரில் அது ஒளித்து வைக்கக்கூடிய விஷயம் இல்லை.

ஸ்வெர்ரே காபி ஃப்ளாஸ்க்கைக் கட்டிப்பிடித்தபடி குன்வோரிடம் போனார். "குன்வோர், நீ தப்பா எடுத்துக்கக் கூடாது..."

"என்ன, நான் கத்துக்கொடுக்கணுமா?"

"நீ அந்த ரோட்டுலதானே வர்றே."

"கோச், ஒன்பது வருஷமா அவ முன்னால போகாம தடுக்கத்தான் என்னை வெச்சிருந்தீங்க. இப்போ அவளை முன்னால ஓட்ட வைக்கச் சொல்றீங்களா?"

ஆனாலும் சம்மதித்தாள். ஓட்டத் தெரியாத ஒருத்தியைத் தெரிந்துகொண்டே விட்டுவிட அவளால் முடியாது. என் வீடும் அதே சாலையில். ஆகவே அந்த ஆண்டு முழுவதும், காலையில் பயிற்சிக்குப் போகும்போதும் திரும்பும்போதும், பின்சீட்டில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த சாட்சி நான்.

யோருன் பந்தாட்டத்தில் எப்படியோ அப்படியே காரும் ஓட்டினாள். இடைவெளி தெரிந்தால் நுழைந்துவிடுவாள். பயிற்சிக் கார் என்பதால் குன்வோருடைய காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை அவள் மிதித்துக்கொண்டே வருவாள்.

"வலப்பக்கம் வண்டி வருது, பாக்கலையா?"

"பாத்தேன். அவன் தயங்குனான்."

"அவன் தயங்கல! மரியாதையா ஓட்டுறான்!"

"தயங்குறவனைத் தாண்டிப் போறதுதான்டி என் பொழப்பே."

ரவுண்டானாவில் ஒரு நாள் நான்கு சுற்று சுற்றினோம். எந்த வழியில் வெளியேறுவது என்று இருவருக்கும் சண்டை. நான் பின்னாலிருந்து, "எனக்கு மயக்கம் வருது, யாராவது ஒருத்தி கோல் போடுங்க," என்றேன்.

ஏப்ரலில் லீக் தொடங்கியது. யோருன் எங்களுக்காகக் கோல் போட ஆரம்பித்தாள். அதைக் கொண்டாடும்போதுகூட குன்வோர் அவளைக் கட்டிப்பிடிக்காமல் நின்ற இடத்திலிருந்தே கை தட்டுவாள், பள்ளி விழாவில் வேறு யாரோ பெற்ற பிள்ளைக்குத் தட்டுவது மாதிரி.

மே மாதம் ஸ்டூர்லியாவுக்குப் போய் ஆடினோம். அன்றுதான் தீரிலை நேரில் பார்த்தோம். முதல் முறை அவள் குன்வோரைத் தாண்டியபோது, வழுக்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாம் முறை அப்படி நினைக்க முடியவில்லை. மூன்றாம் முறை அந்த நான்காம் எண் முதுகு என் கண் முன்னாலேயே மெதுவாகத் திரும்புவதைப் பார்த்தேன், கனத்த கதவு திரும்புவதுபோல. பூஜ்யத்துக்கு மூன்று. பத்திரிகையில் ஒரு கேள்விக்குறியோடு அவள் பெயர் வந்தது. அதை நான் வெட்டி ஒட்டவில்லை. யாருக்கும் தெரியாமல் மேசையிலிருந்து எடுத்துக் குப்பையில் போட்டேன்.

அடுத்த ஆட்டத்துக்கு ஸ்வெர்ரே அவளை வெளியே உட்காரவைத்தார். அடுத்ததற்கும். குன்வோர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. தண்ணீர்ப் புட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்தாள். அவளைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை. பதினான்காவது பருவத்தில் ஒருத்தியைக் கிண்டல் செய்ய முடியாமல் போவது பெரிய சங்கடம்.

அந்த வாரம் காரில் யாரும் பேசவில்லை. யோருன்கூட. ஃபியோர்டு ஓரம் வளைவுகள் வரும் இடத்தில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அவள் திடீரென்று சொன்னாள்:

"உன் முதல் ரெண்டு எட்டு போயிடுச்சு குன்வோர்."

"என்ன?"

"பந்து போனதும் நீ எடுத்து வைப்பியே, முதல் ரெண்டு எட்டு. முன்னாடி மாதிரி இல்ல. இது இந்த வருஷம் ஆரம்பிச்சதில்ல. ரெண்டு வருஷமாவே இப்படித்தான்."

குன்வோர் பிரேக்கை மிதித்தாள். கார் பேருந்து நிறுத்தத்தில் குலுங்கி நின்றது. அங்கே பேருந்துக்குக் காத்திருந்த கிழவர் ஒருவர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

"ரெண்டு வருஷமாத் தெரியுமா உனக்கு?" என்றாள் குன்வோர். "தெரிஞ்சும் சொல்லலையா?"

"நான் ஸ்டூர்லியாவுல இருந்தேன்டி! உன்கிட்ட வந்து நான் எதுக்குச் சொல்லணும்? அந்த ரெண்டு எட்டுல நான் அஞ்சு கோல் போட்டிருக்கேன்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னை முறைத்தார்கள். அவர்கள் ஒன்றுபட்டு நான் பார்த்த முதல் காரியம் அது.

குன்வோர் கண்ணாடி வழியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "எனக்கும் தெரியும்," என்றாள். "காலைல படியிறங்கும்போதே தெரியுது. யாரும் கவனிக்கலைன்னு நெனச்சேன்."

"யாரும் கவனிக்கல. நான் உன்னைத்தானே ஒன்பது வருஷமாப் பாத்துக்கிட்டிருந்தேன். என்னையும் அங்க அப்படித்தான் உக்கார வெச்சாங்க. அப்போ ஒருத்தி உண்மையைச் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்." யோருன் மூக்கை உறிஞ்சினாள். "ஓடி ஜெயிக்க முடியாது இனி. முன்னாடியே போய் நிக்கணும். முன்களத்துல நிக்கிற நாங்க என்ன செய்யப் போறோம்னு நான் சொல்லித் தர்றேன். எல்லாத்தையும்."

"எதுக்கு?"

"நீ என்னைப் பாத்துக் கத்திக்கிட்டே இருந்தாத்தான் எனக்குக் கார் ஓட்ட வருது. நீ இப்படி வாயை மூடிக்கிட்டு வந்தா நேத்து மாதிரி வேலில ஏத்திடுவேன்."

நேற்று ஏற்றினாள். அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

ஜூன் முழுவதும், ஜூலை விடுமுறையிலும்கூட, பயிற்சி முடிந்து எல்லோரும் போனபின் நாங்கள் மூவர் மட்டும் மைதானத்தில் நின்றோம். யோருன் தன் தந்திரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினாள். கையைத் தூக்கிப் பந்து கேட்டால் அங்கே வேண்டாம் என்று பொருள். இடுப்பு எங்கே திரும்புகிறதோ அங்கேதான் போவோம், கண் பொய் சொல்லும். நடப்பதுபோல நடந்தால் ஓடப் போகிறோம். மொத்தம் ஒன்பது. நாற்பது தடவை, ஐம்பது தடவை செய்து காட்டினாள். குன்வோர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். தேர்வுக்குப் படிப்பவள் மாதிரி அடிக்கோடு எல்லாம் போட்டு.

"லேஸ் தந்திரம் எத்தனாவது?" என்று நான் கேட்டேன்.

"அது தந்திரம் இல்ல ஒட்னி. அது குன்வோருக்குன்னே செஞ்சது."

குன்வோர் நோட்டால் அவள் தலையில் அடித்தாள்.

செப்டம்பரில் யோருன் நான்காவது முறையாக ஓட்டுநர் தேர்வுக்குப் போனாள். குன்வோர் வெளியே குறுக்கும் நெடுக்கும் நடந்தாள், பெனால்டி அடிக்கும்போதுகூட அவள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. யோருன் தொங்கிய முகத்தோடு வந்தாள். மறுபடியும் தோல்வி. சாலையைக் கடக்கும் இடத்தில் ஒரு பெண்மணி தோழியோடு பேசிக்கொண்டு நின்றிருக்கிறாள். கடக்கப் போகிறாள் என்று யோருன் காரை நிறுத்தினாள். அவள் கடக்கவில்லை. யோருனும் கிளப்பவில்லை. பின்னால் ஒன்பது வண்டிகள்.

"அளவுக்கு மீறி ஜாக்கிரதையா ஓட்டுறேனாம்," என்றாள். "என் வாழ்க்கைல யாரும் என்னைப் பாத்து அந்த வார்த்தை சொன்னதில்ல. எல்லாம் உன்னாலதான்டி."

குன்வோருக்கு முகமெல்லாம் பெருமை.

அதே மாதம், குன்வோரின் இடத்தில் ஆடிக்கொண்டிருந்த இளம் தடுப்பாட்டக்காரிக்குக் கணுக்கால் முறிந்தது. குன்வோர் மீண்டும் உள்ளே வந்தாள். அவள் ஓடுவது குறைந்திருந்தது, சரியான இடத்தில் நிற்பது கூடியிருந்தது. பந்து அவளைத் தேடி வருவதுபோல் வந்து விழும். ஆனால் அதற்குள் நாங்கள் பட்டியலின் அடியில் கிடந்தோம். அக்டோபர் கடைசி ஆட்டம், எங்கள் மைதானத்தில், ஸ்டூர்லியாவோடு. சமன் செய்தால் லீக்கில் நீடிப்போம். தோற்றால் கீழே.

மழையும் பனியும் கலந்து பக்கவாட்டில் அடித்தது. முப்பதாவது நிமிடத்தில் யோருன் தன் பழைய அணிக்கு எதிராக ஒரு கோல் போட்டாள். பெரிதாகக் கொண்டாடவில்லை, காதை மட்டும் சொறிந்துகொண்டாள். தீரில் மூன்று முறை வந்தாள், மூன்று முறையும் குன்வோர் அங்கே ஏற்கெனவே நின்றிருந்தாள். நான்காவது முறை அந்தப் பெண் நின்று, "எப்படி?" என்று வாய்விட்டே கேட்டாள்.

"இடுப்பு," என்றாள் குன்வோர். ஆட்டத்தின் நடுவே எதிரணிக்காரியிடம் அவள் பேசிய முதல் சொல்.

எழுபத்தெட்டாவது நிமிடம் அவர்களுக்குக் கார்னர். உதவி செய்கிறேன் என்று யோருன் கீழே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. பந்து வந்தது. எல்லோருக்கும் மேலே எம்பி, அழகாக, பலமாக, மூலை பார்த்துத் தலையால் அடித்தாள். என் வலைக்குள். அருமையான சேம் சைடு கோல். ஒன்றுக்கு ஒன்று.

யோருன் முழந்தாளிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அப்போது ஒரு சத்தம் கேட்டது. குன்வோர் சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய. பதினான்கு வருடத்தில் அவள் களத்தில் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஸ்வெர்ரே மருத்துவரைக் கூப்பிடலாமா என்று யோசித்தாராம்.

"எந்திரிடி," என்று யோருனைத் தூக்கிவிட்டாள். "இதுல நான் உனக்கு சீனியர். இன்னும் ரெண்டு போட்டாத்தான் என் கணக்கு. இப்ப முன்னால ஓடு, கண்ணாடி பாத்து ஓடு."

கடைசி நிமிடம். நாங்கள் எல்லோரும் முன்னேறியிருந்த நேரம் பந்து பறிபோனது. தீரிலுக்கு நீளமான பாஸ். அவளுக்கும் எனக்கும் நடுவில் குன்வோர் ஒருத்திதான். பாதி மைதானம் காலியாகக் கிடந்தது. மே மாதத்தில் இப்படி ஒரு ஓட்டத்தில்தான் அந்தக் கனத்த கதவு திரும்பியது.

குன்வோர் பாயவில்லை. காலை நீட்டவில்லை. பின்னால் நடந்தாள், சும்மா நடந்தாள், உடம்பைக் கொஞ்சம் சாய்த்து. உள்ளே வரும் வழி மூடியிருந்தது, வெளியே போகும் வழி திறந்திருந்தது. தீரில் வெளியே போனாள். குன்வோர் இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள், அவள் இன்னும் வெளியே போனாள். நான் கையை விரித்து நின்றேன், எனக்கு வேலையே இல்லை. கடைசியில் அந்தப் பெண் கோட்டைத் தாண்டிப் பந்தோடு விளம்பரப் பலகையில் போய் மோதி நின்றாள். குன்வோர் அவளைத் தொடக்கூட இல்லை. விருந்தாளியை வாசல்வரை கொண்டுபோய் விட்டது மாதிரி இருந்தது. நடுவர் விசில் ஊதினார்.

அதைத் தொலைக்காட்சியில் மறுபடி காட்டவில்லை. யோருனின் சேம் சைடு கோலை மட்டும் பதினாறு தடவை காட்டினார்கள்.

டிசம்பரில், உறைந்த சாலையில், ஐந்தாவது முயற்சியில் யோருனுக்கு உரிமம் கிடைத்தது. குன்வோர் இன்னும் ஒரு பருவம் ஆடினாள். பிறகு ஒரு நவம்பர் காலை ஸ்வெர்ரேயின் அறைக்குப் போய், போதும் என்றாள். உடைமாற்றும் அறையில் பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பயமா இருக்கா?" என்றேன்.

"இல்ல. இனிமே காலைல வலிச்சா யாருக்காக வலிக்குதுன்னு சொல்லுவேன்னுதான் யோசிக்கிறேன்."

கிண்டலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். பேசாமல் அவள் முழங்காலில் கையை வைத்தேன். அவள் தடுக்கவில்லை.

விஷயம் அதோடு முடியவில்லை. பிப்ரவரியில் தொலைபேசி வந்தது. ஸ்டூர்லியாவிலிருந்து. தடுப்பாட்டக்காரிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் வேண்டுமாம். குன்வோர் ஒப்புக்கொண்டாள். திங்கட்கிழமைக்கு ஒரு வரி எழுதச் சொன்னாளாம். யோருன் என் வீட்டுக் கதவைத் தட்டி, ஷூவோடு உள்ளே வந்து, அரை மணி நேரம் கத்தினாள். "போயும் போயும் அங்கயா? துரோகி! நான் சொல்லித் தந்த எல்லாம் அவ நோட்டுல இருக்குடி! அடிக்கோடு போட்டு!"

அந்த மே மாதம் நாங்கள் ஸ்டூர்லியாவுக்குப் போனோம். அவர்களுடைய இரண்டு தடுப்பாட்டக்காரிகளுக்கும் இருபது வயதுகூட இருக்காது. யோருன் கையைத் தூக்கிப் பந்து கேட்டாள், அவர்கள் அசையவில்லை. நடப்பதுபோல நடந்தாள், அவர்கள் ஓடத் தொடங்கினார்கள். தொண்ணூறு நிமிடத்தில் அவளால் ஒரு பந்தைக்கூடக் கோலை நோக்கி அடிக்க முடியவில்லை. பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.

விசில் ஊதியதும் யோருன் நேராக எதிரணி பெஞ்சுக்கு நடந்தாள். குன்வோர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். இருவரும் கத்தத் தொடங்கினார்கள். கை நீளுகிறது, தலை ஆடுகிறது, இடையில் ஒருத்தி மற்றவளின் சட்டைக் காலரைச் சரிசெய்கிறாள், மறுபடி கத்தல். எங்கள் பேருந்து ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

"போய்க் கூட்டிட்டு வா ஒட்னி," என்றார் ஸ்வெர்ரே.

"விடுங்க கோச், யோருன் தன் காரை ஓட்டிக்கிட்டுத்தான் வந்திருக்கா," என்று சொல்லிவிட்டு, கடையில் எனக்கொரு வாஃபிள் வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறினேன்.